இன்னொண்ணு சாரின் இரண்டாவது சாவி

“நாளைக்கே நீ விழுந்துட்டா இந்தக் கொழந்தைய யாருமா தூக்குவா?”

இன்றுவரை எனக்குப் பதில் தெரியாத கேள்வி. கேட்டவர் இன்னொண்ணு சார். கேட்ட இடம் பிரசவ வார்டு.

“நல்ல நாளும் அதுவுமா, வாயக் கழுவுயா!” என்று கத்தினார் என் மாமியார். சார் அசரவில்லை. குழந்தைக்கு வாங்கிவந்த கொசுவலையை நீட்டினார். அதேபோல் இன்னொன்றையும் நீட்டினார்.

புதுச்சேரியிலேயே எதையும் ஒன்றே ஒன்றாக வைத்துக்கொள்ளாத ஒரே மனிதர் அவர்தான். கழுத்தில் இரண்டு கண்ணாடி, பையில் இரண்டு குடை. எதைக் காட்டினாலும் “இன்னொண்ணு எங்க?” என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவர் தலைவர். நான் அவருக்குக் கீழே. ஃபைல்கள் எல்லாம் ஒரு சர்வரில் இருப்பதாக ஊழியர்கள் நினைப்பார்கள். அப்படி ஓர் இயந்திரமே கிடையாது, அது வெறும் பெயர். பின்னால் இரண்டு இயந்திரங்கள், ‘இருக்கியா?’, ‘இருக்கேன்’ என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கும். சில முறை பதில் வராவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம், நின்றுபோனதிடமிருந்து அந்தப் பெயரையும் ஃபைல்கள் உள்ள டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளும். ஊழியர்களுக்கு எதுவும் தெரியாது.

அதை நிறுவ வந்தவர், “எல்லாம் பச்சை காட்டுது சார்” என்றார். சார் நேராகப் போய், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கினார். பெயர் மற்றதற்குப் போனது, டிஸ்க் போகவில்லை. ஃபைல் திறக்காமல் கணக்குப் பிரிவே அலறியது.

“யோவ், இன்னாயா பண்ண?” மேனேஜர் ஓடிவந்தார்.

“புடுங்கிப் பாத்தேன் சார். பச்சை வெளக்கு பொய் சொல்லுது.”

ஓய்வுபெற்ற பின் முத்தியால்பேட்டையில் தனியாக இருந்தார். தினமும் காலையில் எனக்கு ஒரு செய்தி வரும்: ‘இருக்கேன்’. நானும் ‘இருக்கேன் சார்’ என்று அனுப்ப வேண்டும். தாமதித்தால் போன் வரும். “வந்துடுச்சா உன் லவ்வு லெட்டரு?” என்று பிரான்சிலிருந்து கணவர் கிண்டல் செய்வார்.

சார் வீட்டு இரண்டாவது சாவி என்னிடம்தான் இருந்தது. “உள்தாப்பா போட மாட்டேன்மா. போட்டா உன் சாவி எதுக்கு?” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

போன மாதம் ஒருநாள் செய்தி வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். மூன்று வயது மகளை விட்டுப்போக ஆளில்லை, அவளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். சாவி போட்டதும் கதவு திறந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்தில் இரண்டு கண்ணாடியும் அப்படியே. கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. விடியற்காலையிலேயே போயிருக்கிறார் என்றார் டாக்டர்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் இன்னொன்று இல்லை.

அன்றிலிருந்து நானும் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். நான் விழுந்தால் அவளுக்குப் பூட்டு எட்டாது. நான் கண்விழிக்கும் காலையில் கணவருக்கு அங்கே நடு இரவு. மாமியார் இருப்பதோ தொலைவில், பாகூரில். எதிர்வீட்டு அக்காவிடம் தினமும் சிரிப்பதோடு சரி. அவரிடம் போய், ‘நான் உயிரோடு இருக்கிறேனா என்று காலையில் பாருங்கள்’ என்று எப்படிக் கேட்பது? பயந்துவிடுவாரா? பாரமாக நினைப்பாரா? ஒருவேளை நான்தான் அதிகம் யோசிக்கிறேனா?

எங்கள் வீட்டு இரண்டாவது சாவி என் கைப்பையிலேயே கிடக்கிறது. அதை யாரிடம், என்ன சொல்லிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

அதுவரை, காலையில் ‘இருக்கேன் சார்’ என்று அவர் எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.