பதினேழு சதவீத ஈரம்

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை காலை. மன்னார்குடியை அடுத்த ஆலங்கொல்லை நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் இருபத்து மூன்று குவியல்கள் எடைக்குக் காத்திருந்தன. ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுப்பதில்லை.

"பதினேழு புள்ளி எட்டு," என்றார் எழுத்தர் தமிழரசன், ஈரம் பார்க்கும் கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "காய வச்சு எடுத்துக்கிட்டு வாம்மா."

"புள்ளி எட்டுதானே சார் கூட இருக்கு?"

"புள்ளி ஒண்ணு கூட இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன். அடுத்து யாரு?"

செம்மொழி சோதனைக்கு அள்ளிவந்த ஒரு கை நெல்லைக்கூட வீணாக்காமல் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

அவளுக்கு வயது இருபத்தாறு. மன்னார்குடியில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. மே மாதத்தோடு ஒப்பந்தம் முடியும். மறுபடி கூப்பிடுவார்களா என்பது ஜூனில்தான் தெரியும். செல்போனில் பணத்தைப் பற்றிப் பேசும் கோட்டுப் போட்ட மனிதர்கள், "முப்பது வயசுல உங்க கையில என்ன இருக்கும்?" என்று தினமும் அவளைக் கேட்டார்கள்.

சேமிப்பு முழுவதையும், அம்மா ராஜாத்தி ஆடுகளை விற்றுக் கொடுத்த பணத்தையும் போட்டு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சம்பா வைத்தாள். உழவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்தது. நடவுக்கு ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரப்பில் நின்று போட்டோ எடுத்ததைத் தவிர அவள் செய்தது அதிகமில்லை. நெல்லைக் களத்துக்கு ஏற்றி வந்ததுகூட டிராக்டர்க்கார யூனுஸ்தான்.

"வேப்பமரத்தடியில கொட்டிட்டேன்க்கா. நீலப் படுதா போட்டு மூடியாச்சு. காலையில போய்ப் பாத்துக்குங்க," என்று போனில் சொல்லிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டான்.

வேப்பமரத்தடியில் நீலப் படுதா மூடிய குவியல் இருந்தது. பக்கத்தில், அவள் சோதனைக்கு நெல் அள்ளியபோது காலியாகக் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவள் படுதாவின் மேலிருந்த கல்லைத் தூக்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா தாயி?"

"வந்துட்டேங்க. காலேஜுக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"படிச்ச பொண்ணா! ரொம்ப நல்லது. எம்பேரு கோவிந்தராசு. பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். டிக்கெட்டு கிழிக்கத் தெரியும், நெல்லைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கால்ல வேற ஆபரேஷன். சிங்கப்பூர்ல இருக்கிற எம்புள்ள, 'நீங்க அலையாதீங்கப்பா'ன்னு போன்லயே சத்தம் போடுறான்."

"நீங்க உக்காருங்க பெரியப்பா. நான் பாத்துக்குறேன்."

அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

நெல்லை விரித்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தபோது சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். அவளைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், "ஆளு வந்தாச்சா, சரி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார்.

பகல் பதினொரு மணிக்குச் செல்போன், மழைக்கு அறுபது சதவீத வாய்ப்பு என்றது. வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. ஆனாலும் செம்மொழி செல்போனை நம்பினாள். அடித்துப் பிடித்து நெல்லைக் கூட்டி, படுதாவை இழுத்து மூடி, சுற்றிலும் கல் வைத்தாள்.

"அந்த மூலையில ஓட்டை தெரியுது பாரு," என்றார் கோவிந்தராசு.

அதையும் அடைத்தாள். மழை வரவில்லை. மாலை வரை வெயில் கொளுத்தியது. படுதாவை எடுத்தபோது உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"பதினெட்டரை," என்றார் தமிழரசன். "காலையில நல்லாத்தானேம்மா இருந்துச்சு? என்ன பண்ணின?"

"பாதுகாத்தேன் சார்."

பக்கத்திலேயே, மரத்துக்குக் கிழக்கே, இன்னொரு குவியல் கேட்பாரற்றுத் திறந்து கிடந்தது. அதன் படுதா காற்றில் பறந்துபோய் வேலிக் கருவேலில் சிக்கியிருந்தது. செம்மொழி தன் குவியலிலிருந்து விரட்டிய ஆடுகள் அங்கே ஏறி, நெல்லைப் புரட்டி விளையாடின.

"யாரு நெல்லுங்க பெரியப்பா அது? ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டேங்குறாங்க?"

"எவனாவது பணக்காரனா இருப்பான் தாயி. வந்தா வரட்டும், போனா போவட்டும்னு விட்டுட்டு நிம்மதியாத் தூங்குறான்."

"குடுத்து வச்சவங்க," என்றாள் செம்மொழி. உண்மையாகவே பொறாமையாக இருந்தது.

மறுநாள் அவள் எட்டரை மணிக்கு வந்தாள். கோவிந்தராசு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"எட்டு மணிக்கே வெயில் வந்துடுச்சு. நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனா வரப் பாரு."

எங்கள் பிரின்சிபால்கூட இவ்வளவு கறார் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் மதியம் அவர் மனைவி அம்சம் தூக்குவாளியில் அவளுக்கும் சேர்த்துச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தபோது கோபம் கரைந்துவிட்டது.

"எதுக்குங்க எனக்கும்?"

"களத்துல வெயில்ல நிக்கிற புள்ளைக்கு மத்தியானச் சோறு போடாம இருப்பாங்களா? வயித்துக்கு வஞ்சனை இல்லாம சாப்பிடு," என்றாள் அம்சம்.

இந்தக் காலத்திலும் இப்படி மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணியபடியே செம்மொழி சோற்றைப் பிசைந்தாள். எவ்வளவு போட்டோம், எவ்வளவு வரும் என்று வெளியே வாய் திறக்கக் கூடாது என அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். தொகையைச் சொல்லவில்லை. ஆனாலும் மனசு தாங்கவில்லை.

"இந்த நெல்லு போச்சுன்னா எனக்கு வேற கதியே இல்ல பெரியப்பா. ஜூன் மாசம் வேலை இருக்கான்னு தெரியாது. ராத்திரியில கண்ணை மூடினா இந்தக் களந்தான் வருது."

கோவிந்தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு அக்கறையா வேலை பாக்குற பொண்ணை நான் பாத்ததே இல்ல," என்றார்.

களத்துச் சிமெண்டைவிடத் தார் ரோட்டில் சூடு அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு பெண்களைக் கூலிக்குப் பிடித்து, பாதி நெல்லைக் கூடையில் சுமந்துபோய் ரோட்டோரம் பரப்பினாள். ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு குடிதண்ணீர் லாரி வந்தது. பின்பக்கக் குழாய் சரியாக மூடாமல், ரோட்டோரம் முழுக்கக் கோடு போட்டதுபோல் நனைத்துக்கொண்டே போனது.

"யோவ், நிறுத்துய்யா! நெல்லு! நெல்லு!"

டிரைவர் தலையை நீட்டினார். "ரோட்டுல நெல்லைக் கொட்டிட்டு என்னைய யோவ்ங்குறியா? நான் என்ன வயல்லயா லாரி ஓட்டுறேன்?"

மாலையில் கருவி பத்தொன்பது காட்டியது. தமிழரசன் கருவியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

புதன்கிழமை அவள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். மன்னார்குடி பந்தல் கடை ஒன்றில் பெரிய மின்விசிறி ஒன்றை வாடகைக்குப் பேசினாள். கடைக்காரன் அறிவுமதி அதைக் களத்துக்கே கொண்டுவந்து இறக்கினான்.

"காத்து நல்லா வருமா?"

"குளுகுளுன்னு வரும்க்கா. மண்டபத்துல இதை வச்சா விருந்தாளிங்க எந்திரிச்சுப் போகவே மாட்டாங்க."

வியாபாரப் பேச்சு என்று விட்டுவிட்டாள். எழுத்தர் அறையிலிருந்து மின்சாரம் இழுக்க அரை மணி நேரம் கெஞ்சினாள். விசிறி சுழன்றதும், மூன்று நாளில் முதல்முறையாக டீக்கடைக்குப் போய் உட்கார்ந்து டீ குடித்தாள்.

திரும்பி வந்தபோது குவியலின் மேல் மார்கழிப் பனி இறங்கியதுபோல் இருந்தது. விசிறியின் அடியிலிருந்த டிரம்மிலிருந்து ஏறிய தண்ணீர், பொடிச் சாரலாக நெல்லின் மேல் நிதானமாகத் தெளித்துக்கொண்டிருந்தது. கோவிந்தராசு நாற்காலியை விசிறிக்கு நேரே நகர்த்திப் போட்டிருந்தார். கண்ணாடி முழுக்க நீர்த்துளி.

"நல்லா ஜில்லுன்னு இருக்கு தாயி," என்றார். "ஆனா நெல்லுக்கு இது எதுக்குன்னுதான் புரியல. நீ படிச்சவ, காரணம் இல்லாம செய்ய மாட்ட."

அவள் ஓடிப்போய் விசிறியை நிறுத்தினாள். ஒரு கை நெல்லை அள்ளிக்கொண்டு எழுத்தரிடம் போனாள்.

"இருபத்தொண்ணு," என்றார் தமிழரசன். பிறகு, கொஞ்சம் மெதுவாக, "வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லும்மா," என்றார்.

செம்மொழி குவியலுக்குத் திரும்பி, தரையில் அப்படியே உட்கார்ந்தாள். ஆடு விற்ற அன்று அம்மா வெறுங்கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். களத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாம் போச்சு பெரியப்பா. நானே என் கையாலயே கெடுத்துட்டேன்."

கோவிந்தராசு கோலை ஊன்றி எழுந்து வந்தார். ஈர நெல்லை ஒரு தரம் பார்த்தார். சட்டைப் பையில் கையை விட்டார்.

"அட, நட்டம் எனக்குத்தானே, நீ எதுக்குத் தாயி அழுவுற? எம்புள்ள உனக்கு நாள் கூலி எவ்வளவு பேசியிருக்கான், அதைச் சொல்லு."

அவள் போன் செய்ததும் யூனுஸ் வந்து, தான் கொட்டிய இடத்தைக் காட்டினான். அது மரத்துக்குக் கிழக்கே இருந்தது; வேலியில் சிக்கியிருந்ததும் நீலப் படுதாதான். அந்த நெல்லில் ஈரம் பதினாறு. அன்று மாலையே எடை போட்டு லாரியில் ஏற்றினார்கள். செம்மொழி வேப்பமரத்தடி நெல்லை மறுபடி விரித்துவிட்டு, கல்லூரிக்குப் போன் செய்து இன்னும் இரண்டு நாள் லீவு சொன்னாள்.