பூச்சூட்டலில் ஒரு விமானத் தாக்குதல்

பொம்மைப் படம் என்றாலே குழந்தைகளுக்கானது என்று நம்புகிற மனிதனை எந்த விசேஷ வீட்டுக்குள்ளும் விடக்கூடாது. நான் அப்படி நம்பியவன். அதுவும் அக்காவின் பூச்சூட்டலன்று.

அறுபத்தைந்தாம் வருஷத்துச் சண்டை ஓய்ந்த சில மாதங்களில், மாதுங்காவில் எங்கள் வீட்டில் விசேஷம். பூச்சூட்டி முடித்ததும் அக்கா கமலா பிரசவத்துக்கு எங்களிடமே தங்கவேண்டும். செம்பூரிலிருந்து வந்திருந்த அவளுடைய மாமியார் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ("பாக்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் முக்கால்வாசி நடக்காது.) அம்மா காலையிலிருந்து சாமி படத்தையும் சம்பந்தி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியை மயக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, நான் ஏற்றுக்கொண்டேன். கர்ப்பிணி அழகானதைப் பார்த்தால் குழந்தையும் அழகாகப் பிறக்கும் என்பார்களே! நான் டைப்பிஸ்டாக இருந்த ஜப்பான் கம்பெனியில் ஒரு பொம்மைப் படத் தொடர் சுருள் சுருளாகக் கிடந்தது. டப்பாவின் மேல் ஒரு சின்னப் பெண் சிரித்தாள். எனக்கு அது போதும். முதல் சுருளையும் புரொஜெக்டரையும் டாக்சியில் ஏற்றி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பாவின் வேஷ்டியைச் சுவரில் கட்டி, விளக்கை அணைத்தேன். அந்தப் பெண் பட்டாம்பூச்சி துரத்தினாள். "என்ன லக்ஷணம்!" என்றார் மாமி. அம்மாவுக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் விமானங்கள் வந்தன. ஊர் எரிந்தது. பெண் புகைக்குள் அம்மாவைத் தேடி ஓடினாள். அபாயச் சங்கு அலறியது.

சண்டையின்போது அந்தச் சங்கைக் கேட்டு விளக்கணைத்துப் பழகிய கட்டடம் எங்களுடையது. "பத்தி பந்த் கரோ!" என்று மாடியில் யாரோ கத்த, நாலு மாடியும் இருண்டது. மாமி கட்டிலுக்கடியில் புகுந்தார். புகுந்தவரால் வெளியே வரமுடியவில்லை (புடவை ஒன்பது கஜம் பட்டு, கட்டிலோ குட்டை). பதற்றத்தில் எனக்கு எந்தப் பொத்தான் என்பது மறந்துபோக, சுருள் தீரும்வரை ஊர் எரிந்துகொண்டே இருந்தது.

கட்டிலைத் தூக்கி மாமியை வெளியே எடுத்தோம். தலையெல்லாம் ஒட்டடை. கமலாவைக் கையோடு செம்பூருக்குக் கூட்டிப்போகப் போகிறார் என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

மாமி என்னைப் பார்த்தார். "ஏண்டா அம்பி, அந்தப் பொண்ணுக்கு அம்மா கெடைச்சாளோ?"

"கெடைச்சுட்டா மாமி," என்றேன். எனக்கு என்ன தெரியும்?

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார். "கமலா இங்கேயே இருக்கட்டும். அம்மாகிட்ட இருக்க வேண்டிய நேரம்."

அடுத்த வாரம் ஆபீசில் மீதிச் சுருள்களைப் பார்த்தேன். அம்மா கிடைக்கவில்லை. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

மாமியா விடுவார்? பார்க்கும்போதெல்லாம் "அப்பறம் அவளுக்கு என்ன ஆச்சு?" வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணை நானே வளர்த்தேன். மெட்ரிக் பாஸ் பண்ணவைத்தேன், பாங்கில் வேலை வாங்கிக்கொடுத்தேன். வருஷங்கள் ஓடி, ஒருநாள் தாணேயில் நல்ல வரனும் பார்த்துவிட்டேன்.

"ஜப்பான்காரிக்குத் தாணேல வரனா?" என்று கேட்டான் கமலாவின் மகன்.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். மாமி பேரனை முறைத்தார். "நீ சும்மா இருடா. அம்பி, ஜாதகம் பொருந்தித்தோ?"

இன்றும் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தால், வீட்டில் எல்லோரும் கேட்பது அதே கேள்விதான்.