கிரிண்ட்லோ பீரும் கில்லியன் கல்யாணமும்

ராச்டேல், இங்கிலாந்து,
ஜூன் 14, 2016

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

தம்பி கிளிஃபர்ட் எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் சௌக்கியம். பெர்த்தில் நீயும் அத்தானும் சௌக்கியம்தானே? கில்லியனுக்கு நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. அவள் கல்யாணமும் ஒரு வழியாக முடிந்தது. ஆனால் பதினோரு நாளாக என் மகள் என்னோடு பேசவில்லை. காரணம் கிரிண்ட்லோ பீர். குடித்ததால் அல்ல, சத்தியமாக. அன்று காலை என் வயிற்றில் டீயும் இரண்டு ரொட்டித் துண்டும்தான் இருந்தன.

அந்த பீர் விளம்பரம் உனக்கு மறந்திருக்காது. எண்பத்து மூன்றில் டிவியில் வந்ததே, வீடு பற்றி எரிகிறது, மாடி ஜன்னலில் ஒரு ஆள் பீர் கிளாஸோடு நிற்கிறான், கீழே வலையைப் பிடித்திருக்கும் தீயணைப்பு வீரர், "குதிக்கிறியா இல்லியாய்யா?" என்று கத்துகிறார், அவன் நிதானமாக ஒரு வாய் குடித்து, கிளாஸைப் பார்த்து, இன்னொரு வாய் குடித்து, "அவசரப்படுத்தாதீங்க, யோசிச்சிட்டிருக்கேன்" என்கிறான், இவர் வலையைக் கீழே போட்டுவிட்டு, "சரி, எனக்கும் ஒண்ணு ஊத்து!" என்கிறார். முப்பது வினாடி, அக்கா! மறுநாள் பஸ்ஸில், மில்லில், பள்ளிக்கூடத்தில் எல்லார் வாயிலும் அதுதான். அந்த வருஷம் தேர்தலும் நடந்தது. யார் என்ன பேசினார்கள் என்று இன்று ஒருத்தருக்கும் நினைவில்லை. நம் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "ஜெபம் பண்ண யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று நர்ஸ் கேட்டாள். இரண்டு நாளாகக் கண் திறக்காத மனுஷன் அந்த 'அவசரப்படுத்தாதீங்க' வசனத்தைத்தானே சொன்னார்? அதை எழுதியவன் எவனோ, அவனை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை சிண்ட்ரே நார்வேக்காரன், தங்கமான பையன். பாதிரியாருக்கு வயது முப்பதுகூட இருக்காது. அவர் வழக்கம்போல், "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்த மௌனம் இருக்கிறதே, அது அப்படியே விளம்பரத்தில் வரும் மௌனம். நான் சொல்லவில்லை அக்கா, என் வாய் சொல்லிவிட்டது: "அவசரப்படுத்தாதீங்க, யோசிச்சிட்டிருக்கேன்!" அடுத்த நொடி, பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தே ஒழுங்காகப் பாடத் தெரியாத நம் ஊர்ச் சனம் தொண்ணூறு பேரும் ஒரே குரலில், "சரி, எனக்கும் ஒண்ணு ஊத்து!" கோயில் கூரையே அதிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற என் பெண்டாட்டி பெரில் முழங்கையால் என் விலாவில் இடித்த பிறகுதான் உறைத்தது. நார்வேக்காரர்கள் வரிசையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ரக்ன்ஹில்ட் என் பின்னால் இருந்தவரிடம், "யாருங்க அது, பொண்ணோட பழைய காதலனா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, பொண்ணோட அப்பா."

"ஐயோ கடவுளே!"

பாதிரியாரும் அந்த விளம்பரத்துக்குப் பின் பிறந்தவர். "தடைன்னு ஒருத்தர் வாயத் தொறந்துட்டா விசாரிக்காம நடத்த முடியாதுங்க" என்று சடங்கை நிறுத்தி, மணமக்களை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு என்னைத் தனியே நிறுத்தி விசாரித்தார். பீர் விளம்பரத்தை ஒரு பாதிரியாருக்கு நடித்துக் காட்டியிருக்கிறாயா நீ? நான் காட்டினேன், ஜன்னலில் ஏறி நின்று, இந்த முட்டியோடு. இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்த கில்லியன் முகம் வெள்ளைத் துணியாக இருந்தது. கல்யாணம் முடிந்தது, விருந்து முடிந்தது, தேனிலவுக்கும் கிளம்பிவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நீ சொன்னால் கேட்பாள், அக்கா. அப்பன் செய்தது தப்பு, இனிமேல் அந்த வசனத்தை வாயாலே சொல்ல மாட்டான் என்று அவளுக்கு எழுது. எனக்கு இருக்கிற பிள்ளை அவள் ஒருத்திதானே.

அத்தானுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் நோய்நொடியின்றி நூறு வயது இருக்கட்டும்.

உன் தம்பி,
கிளிஃபர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கில்லியன் போன் செய்தாள். பதினோரு நாளும் சிக்னலே இல்லாத தீவில் இருந்தார்களாம். "அப்பா, அன்னிக்கு எனக்குச் சரின்னு சொல்றதா ஓடிப்போறதான்னே தெரியல. அந்த ரூம்ல சிண்ட்ரே, 'உனக்கு வேண்டாம்னா நானே வெளிய போய்ச் சொல்லிடறேன், பழி என் மேல இருக்கட்டும்'னான். அப்பத்தான்பா இவனைக் கட்டிக்கணும்னு தெரிஞ்சுது. அந்த இருபது நிமிஷம் நீங்க குடுத்தது" என்றாள். அதனால் மேலே எழுதிய மன்னிப்பு அத்தனையையும் அடித்துவிடு. கடிதம் மட்டும் எப்படியும் எழுது, பெரிலுக்கு. இந்தச் சமையலறையிலேயே இருக்கிறாள், பதினோரு நாளாக என்னோடு பேசாமல்.