கக்கூஸ் கதவும் என் கள்ள மையும்

ஓட்டுப் போடாதவனுக்கு வாய் மட்டும் நீளம். அதற்கு நானே சாட்சி.

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய்வரும் கூட்டத்தில் நானும் ஒருவன். போகும்போதும் வரும்போதும் அரசாங்கத்தைத் திட்டுவோம். தேர்தலுக்கு லீவு விட்டால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவோம். கேட்டால், "எவன் வந்தா இன்னா, மூடுன சுரங்க ஷாஃப்ட்டத் தொறக்கப் போறானா?" (திறந்துவிட்டால் ஐயா அப்படியே சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறி இறங்கிவிடுவார் பாருங்கள்.)

அந்த நகரசபைத் தேர்தலில், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைனிலிருந்து செல்வி அக்கா சுயேச்சையாக நின்றார். லைனுக்கே ஒரு பொதுக் கக்கூஸ், அதற்கும் கதவு கிடையாது. பெண்கள் குடையை விரித்து மறைத்துக்கொண்டு உட்காருவார்கள். கதவு போடுவேன் என்பதுதான் அக்காவின் ஒரே வாக்குறுதி. "கதவுக்கு ஒரு தேர்தலா?" என்று சிரித்தேன்.

அப்பா சுரங்க வாசலில் வாட்ச்மேனாக இருந்தவர். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பதே வேலை. தேர்தல் அன்றும் விரலில் மையைப் பார்த்த பிறகுதான் வீட்டில் பிரியாணி. நான் ஆபீஸ் மார்க்கரால் நகத்தில் ஒரு கோடு இழுத்து, டீக்கடையில் அரைமணி உட்கார்ந்துவிட்டு வந்து நீட்டினேன். பெற்ற பிள்ளை என்று நம்பி விட்டுவிட்டார்.

சாயங்காலம் செல்வி அக்கா வந்தார். "லைன்ல பாதிப் பேர் வரல தம்பி. நீயாவது போட்டியே" என்று என் விரலைப் பார்த்துக் கண் கலங்கினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பூத்துக்கு ஓடினேன்.

அதிகாரி விரலைப் பிடித்தார். "லிஸ்ட்ல டிக் இல்ல, கையில மை இருக்கு. வேற வார்டுல போட்டுட்டு வந்தியா?"

"இது மார்க்கர் சார். நான் இன்னும் போடவே இல்ல."

"கள்ள ஓட்டு சார்" என்றான் எதிராளியின் ஏஜெண்ட். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். (உயர்ந்த ரக மார்க்கர்.) தெரிந்தவர் யாரையாவது கூட்டிவரச் சொன்னார்கள். அப்பா மண்ணெண்ணெய்த் துணியோடு வந்து தேய்த்து முடிப்பதற்குள் பூத்தை மூடிவிட்டார்கள்.

"முப்பது வருஷம் கேட்ல நின்னேன். ஒருத்தனும் என்ன ஏமாத்தல" என்றார் அப்பா. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

எண்ணியபோது அக்காவுக்கும் எதிராளிக்கும் ஓட்டு சரிசமம். சீட்டுக் குலுக்கினார்கள். அக்கா தோற்றார்.

இன்றும் கதவில்லை. காலையில் நான் வாளியோடு வரிசைக்கு வந்தால், செல்வி அக்கா குடையால் வழியை மறிக்கிறார்.

"மொதல்ல விரலக் காட்டு தம்பி."

மொத்த லைனும் சிரிக்கும். நான் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.