றோஸ் றப்பர் மீனும் மீனில்லாத மீன் குழம்பும்

“...அதோடை, குளிருக்கை மீன் எழும்பி விருந்துக்கு வராது, அம்மா. நாங்கள்தான் சின்னதா ஏதும் கொண்டு அதின்ரை கட்டிலடிக்குப் போகவேணும். அந்த றோஸ் பூதத்தை முதல்லை பெட்டிக்குள்ளை வையுங்கோ!” என்றார் ஹெர் பெக்மன்.

(அவர் பேசியது ஜேர்மன் மொழியில்தான். ஆனால் இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும், யார் என்ன மொழியில் பேசினாலும் என் காதில் யாழ்ப்பாணத்துத் தமிழாகத்தான் விழும். ‘அம்மா’ நான் எனக்கே போட்டுக்கொண்ட மரியாதை.)

ஹெர் பெக்மன் (‘ஹெர்’ என்றால் ‘திரு’), எசன் நகரில் எங்கள் கால்வாயோர மீன்பிடிச் சங்கத்தின் தலைவர். ஓய்வுபெற்ற ரயில் சாரதி. அளக்காமல் எதையும் நம்பமாட்டார். மேற்சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவுநாடா இருக்கும். இருபது சென்ரிமீற்றருக்கு ஒரு நூல் குறைந்தாலும், பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடவைப்பார். நானோ அங்கே ஒரு வருடச் சோதனைத் தவணையில் இருந்த உறுப்பினர். நவம்பர் கடைசியில், வருடத்தின் கடைசிக் கூட்டு மீன்பிடி நாளன்று, சாப்பாடு முடிந்ததும் வாக்கெடுப்பு. பாதிப் பேருக்கு மேல் கை உயர்த்தினால் நான் முழு உறுப்பினர். இல்லாவிட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இந்த நாட்டில் தூண்டில் போடுவதற்கும் பரீட்சை உண்டு. நானும் என் கணவரும் ஒன்றாகத்தான் எழுதினோம். நான் பாஸ். அவர், “மீனைப் பற்றி என்னட்டைக் கேள்வி கேக்க இவை ஆர்?” என்று புத்தகத்தைத் திறக்காமலே போய் உட்கார்ந்து, அதற்குத் தகுந்த பலனோடு வந்தார். இதை நான் எங்கள் சனத்துக்குள் ஒருவருக்கும் சொன்னதில்லை. (எல்லோருக்கும் தெரியும்.)

அந்தக் கடைசி மீன்பிடி நாளுக்கு யார் என்ன சாப்பாடு கொண்டுவருவது என்று சங்கத்தில் கேட்டார்கள். ஒருவர் உருளைக்கிழங்கு சலாட் என்றார், இன்னொருவர் சொசேஜ் என்றார். என் நாக்கு என்னைக் கேட்காமலே எழும்பி நின்றது: “முப்பது பேருக்கும் யாழ்ப்பாணத்து மீன் குழம்பு. மீனையும் நானே பிடிப்பன்!”

முப்பது பேருக்கு மீன் என்றால் பெரிய மீன் வேண்டும். பெரிய மீனுக்குப் பெரிய இரை வேண்டும். இதில் யாராவது பிழை கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம். தூண்டில் கடைக்காரர் விரல் நீளத்தில் மண்ணிற றப்பர் புழு ஒன்றைக் காட்டி, குளிர்காலத்தில் பார்ஷ் மீன் ஆழத்தில் சோர்ந்து கிடக்கும், இதைத்தான் மெதுவாகத் தொடும் என்றார். பார்ஷ் என்பது உடம்பில் வரியும் முதுகில் முள்ளுமாக இருக்கும் ஒரு மீன், ருசி அபாரம். நான் அந்தப் புழுவைப் பார்த்தேன். செத்தவீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிற நிறம். குளிரில் கிடக்கிற ஒரு சீவனுக்கு இதையா கொண்டுபோய் நீட்டுவது? கலியாணச் சேலை எடுக்கிற மாதிரி கடை முழுவதையும் கிளறி, பொன் துகள் மினுங்கும் ஒரு சாண் நீள றோஸ் றப்பர் மீனை எடுத்தேன். கடைக்காரரின் முகத்தைப் பார்த்து, அந்த மண்ணிறப் புழுவிலும் ஒன்று வாங்கினேன். பாவம், அவருக்காக.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். குளிர் தொடங்கினால் நாலாம் அறை அம்மா சாப்பாட்டு மண்டபத்துக்கு வரமாட்டார். கட்டிலடிக்குப் போய், சின்னக் கரண்டியில் கொஞ்சம் நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்கவேண்டும். மனம் வந்தால் வாய் திறப்பார். பெக்மன் சொன்னது முழுக்க எனக்குத் தெரிந்த வித்தைதான். ஆனால் தெரிந்ததைச் செய்வதற்கு நான் என்ன சாதாரண ஆளா?

மீன்பிடி நாளன்று காலை எட்டு மணிக்குச் சங்கக் குடிலின் அடுப்பில் பெரிய பானையை ஏற்றினேன். வெந்தயம், பழப்புளி, கறித்தூள் எல்லாம் போட்டுக் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு, மீனைக் கூட்டிவரக் கால்வாய்க்குப் போனேன். (மீன் வருமுன்னே குழம்பு வைப்பவளை நீங்கள் கண்டதில்லையென்றால், இப்போது கண்டுகொள்ளுங்கள்.) பெக்மன் சொன்ன பிறகும் அந்த றோஸ் அழகியைத்தான் எறிந்தேன். விழும்போதெல்லாம் செங்கல் விழுந்த சத்தம். மூன்று மணித்தியாலத்தில் ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை.

“அக்கம்பக்கத்து மீனெல்லாம் வீட்டை பூட்டிப்போட்டு ஓடியிருக்கும்,” என்றார் என் கணவர். அவர் சோறு காய்ச்ச வந்தவர்.

பதினொன்றரைக்கு, பெக்மன் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து, கொக்கியைக் கழற்றிவிட்டு றோஸ் மீனை ஏப்ரன் பைக்குள் திணித்தேன். (இதை மறக்காதீர்கள்.) மண்ணிறப் புழுவை மாட்டி, அடிமட்டும் இறக்கி, அசைக்காமல் நின்றேன். கதவை யாரோ தயங்கித் தட்டுவது போல ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. இழுத்தேன். பார்ஷ்! உள்ளங்கையைவிடப் பெரிது!

வலையை எடுத்து ஏந்தியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? பரீட்சையில் கோட்டைவிட்டவருக்குக் காட்டவேண்டும் என்று ஆகாயத்தில் தூக்கி, “இஞ்சை பாருங்கோ!” என்று கத்தினேன். அவர் பார்த்தார். மீனும் அவரை ஒருதரம் பார்த்துவிட்டு, உடம்பை உதறிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

பன்னிரண்டுக்குத் தேங்காய்ப்பாலை விட்டு, பானைக்கு மேல் குனிந்து குனிந்து கிளறினேன். கண்ணில் தண்ணீர். மிளகாய்தான் காரணம் என்று இன்றும் சொல்வேன்.

“இஞ்சேரும், உண்மையைச் சொல்லும். மீன் இல்லையெண்டால் தலையையே எடுக்கப்போகினம்?” என்றார் கணவர்.

“நீங்கள் பேசாமல் சோத்தைப் பாருங்கோ. பெயில் விட்ட ஆக்களிட்டை நான் புத்தி கேக்கிறேல்லை.”

வரிசையில் முதலாவதாக வந்தவரே கோப்பைக்குள் தேடினார். “மீன் எங்கை?”

“கரைஞ்சு போட்டுது,” என்றேன், கண் வெட்டாமல். “எங்கடை முறை அப்பிடித்தான். நாலு மணித்தியாலம் காய்ச்சினால் மீனும் குழம்பும் ஒண்டாகிவிடும்.”

சனம் நம்பியது! ஒருவர் மீன் வாசம் மெல்லியதாக வருகிறது என்றார். ஓர் அம்மா செய்முறையை எழுதிக் கேட்டார். இரண்டாந்தரம் வந்தவர்களும் உண்டு.

தலைவர் கடைசியாகத்தான் சாப்பிடுவார். பெக்மன் கோப்பையை நீட்டினார். அகப்பையை அடிவரை விட்டு அள்ளினேன். கை கனத்தது. மற்றவர்களோடு கதைத்தபடியே ஊற்றினேன்.

அவருடைய கோப்பையில், குழம்பு வழிய, பொன் துகள் ஒன்றும் குறையாமல், வாலை ஆட்டிக்கொண்டு கிடந்தது என் றோஸ் மீன்.

அந்தக் குடிலில் முப்பது பேரின் கரண்டியும் நின்றது. கணவர் சோற்றுப் பானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது.

இன்றும் எங்கள் வீட்டில் கதவுத் திறப்பு, கண்ணாடி, ஒரு சோடிச் சொக்ஸில் ஒன்று என எது காணாமல் போனாலும், என் மகள் கேட்பது ஒரே கேள்விதான்: “என்னம்மா, கரைஞ்சு போட்டுதோ?” சிரிக்கட்டும். ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை. பெரிய மீனுக்குப் பெரிய இரைதான் வேண்டும். எசன் மீன்களுக்கு அது விளங்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

ஆனால் அன்று அகப்பையைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து நின்றேன்.

“மீன் கரையேல்லை,” என்றேன். “ஒண்டு வந்தது, பறிஞ்சு போட்டுது. நான் பொய்தான் சொன்னனான். ஆனால் குழம்பு பொய் இல்லை. இனிக் கையை உயர்த்துறதும் விடுறதும் உங்கடை விருப்பம்.”

ஹெர் பெக்மன் றோஸ் மீனை வாலில் பிடித்துத் தூக்கி, மேசையில் நேராக நிமிர்த்தி வைத்தார். சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்து, தலையிலிருந்து வால்நுனிவரை அளந்தார். “இருபத்திமூண்டு. அளவு காணும்,” என்றார். பிறகு, முழங்கைவரை குழம்பு வழிய வழிய, வலது கையை உயர்த்தினார்.