வாய் திறக்காத பூ

"இன்னும் கொஞ்சம் ஆ காட்டு," என்றார் பல் டாக்டர்.

அவர் சொன்னது நோயாளியிடம் அல்ல; அறை ஜன்னலுக்கு வெளியே நின்ற புதரிடம்.

வாசலில் இடிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாலை மேஸ்திரி காத்திருந்தார். சாலையை அகலமாக்க டாக்டரின் முன்னறை போக வேண்டும். அந்த அறையில்தான் அவர் வைத்தியம் பார்த்தார். அதுதான் வீட்டுக்குச் சோறு போட்டது. ஆனால் சுவரை ஒட்டிய புதர் அரிய இனம் என்று வன அதிகாரி சொல்லிவிட்டால், சாலை வளைந்து போய்விடும். அதிகாரி மாலையில் வருகிறார்.

போனில் மனைவியின் அக்கா, தாவரவியல் பேராசிரியை.

"பூ எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"குட்டிக் குடத்தைக் கவுத்த மாதிரி தொங்குது. வாய்தான் ரொம்பச் சின்னது."

"ஹீத்ங்கற செடிக் குடும்பமா இருக்கும். மலையில பூக்கிற ரோடோடென்ட்ரான் எல்லாம் அதுக்குச் சொந்தம்."

"சொந்தக்காரங்க கதை அப்புறம். அரிதா, இல்லையா?"

"உள்ளே பாருங்க. மகரந்தப் பை நுனியில ஓட்டை இருக்கா?"

பல் பார்க்கும் கண்ணாடியை உள்ளே விட்டார். பூ கழன்று கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. இன்னொன்றை இடுக்கியால் பிடித்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மரத்துப்போக ஊசி போட்டீங்களா?"

"சும்மா இரு. அக்கா, ஓட்டை தெரியுது!"

"அப்போ மகரந்தம் கொட்டுதான்னு பாருங்க. தேனீ ரீங்காரம் போட்டாத்தான் கொட்டும்."

தேனீ எதுவும் கண்ணில் படவில்லை. டாக்டர் பூவருகே வாயைக் கொண்டுபோய், "ம்ம்ம்ம்" என்றார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். உள்ளே நாற்காலியில் வாய் பிளந்து கிடந்த நோயாளி, தன்னிடம்தான் ஏதோ கேட்கிறார் என்று, "ஆ... ஆ..." என்று பதில் சொன்னார்.

மகரந்தம் மசியவில்லை. பற்காரை எடுக்கும் அதிர்வுக் கருவியை நீட்டினார். அது தண்ணீரைப் பீய்ச்சியது. பூக்கள் கொத்தாக மண்ணில் விழுந்தன.

"அக்கா, செடியே வாடுற மாதிரி இருக்கே!"

"அதுக்கு அமில மண்தான் பிடிக்கும். கிளாஸுக்கு நேரமாச்சு, வைக்கறேன்."

டாக்டர் சமையலறைக்கு ஓடி, வினிகர் பாட்டிலை அப்படியே வேரில் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் இலைகளும் உதிரத் தொடங்கின.

மிச்சம் ஒரே ஒரு பூ. எல்லோரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். யாரும் தும்மக்கூட இல்லை.

அதிகாரி வந்தார். பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் பூவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பல் பிடுங்கப்படும் முன் நோயாளிகள் என்ன நினைப்பார்கள் என்று டாக்டருக்கு இப்போதுதான் விளங்கியது.

"சந்தேகமே இல்லை. ரொம்ப அரிது," என்று நிமிர்ந்தார் அதிகாரி. "யார் இதை இந்தக் கதி பண்ணினது?"

"இயந்திரப் புகைதான் சார்," என்றார் டாக்டர், கூசாமல்.

மேஸ்திரி, நிறுத்தியே கிடந்த தன் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரியின் ஆட்கள் புதரைச் சுற்றிக் கயிறு கட்டத் தொடங்கினார்கள். கயிறு முன்னறையைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்சுவரையும் வளைத்து வந்தது.

"பார்த்தியா, கேட்காமலே வீட்டுக்கும் சேர்த்துக் காவல்!" என்று மனைவியிடம் பூரித்தார் டாக்டர். அதிகாரி மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்ததும், டாக்டர் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "கிளம்புங்க மேஸ்திரி! ஒரு செங்கல்லைத் தொட முடிஞ்சுதா?"

மேஸ்திரி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க ஒரு ரூமைத்தான் கேட்டோம் டாக்டர். கயித்துக்குள்ள இனிமே மனுஷங்க குடியிருக்கக் கூடாதாம்; சாமான் ஏத்த லாரி அனுப்பட்டுமா?"