கறுப்புத் தாளைப் பிரித்த இலை

படிக்காதவன் தெரியாமல் தப்புச் செய்வான். படித்தவன் தெரிந்தே செய்துவிட்டு, அதற்குக் காரணமும் சொல்வான். நான் படித்தவன். காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்துப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் தாவரவியல் வாத்தியார். ஓய்வு பெறும்போது எனக்கு மிஞ்சியது ஓய்வூதியமும் ஓட்டைக் குரலும்தான். (வகுப்பில் அறுபது பேர், ஒலிபெருக்கி என் தொண்டை.)

மூன்று வருடத்துக்கு முன் எஸ்தர் என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். போடிக்காரி, குரல் சிகிச்சையில் மேற்படிப்புப் படிப்பவள். ஒரு குரல் பயிற்சி உண்மையிலேயே பலன் தருகிறதா என்பது அவள் ஆராய்ச்சி. தொண்டை கெட்ட வாத்தியார்கள் இருபது பேரைச் சேர்க்க, கம்பம் வட்டாரம் முழுக்க டவுன் பஸ்ஸில் அலைந்திருந்தாள். ஆராய்ச்சியை முடித்தால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் மதுரையில் பேசி வைத்திருந்த வேலை. இதை அவளே என்னிடம் சொன்னாள். ஆகையால் தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது.

சீட்டுக் குலுக்கி எங்களை இரண்டு குழுவாகப் பிரித்தாள். முதல் குழுவுக்குப் பயிற்சி. இரண்டாவது குழுவுக்கு, தண்ணீர் நிறையக் குடியுங்கள், கத்தாதீர்கள் என்ற அறிவுரை மட்டும். எட்டு வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவது குழுவுக்கும் அதே பயிற்சியைச் சொல்லித் தருவதாகச் சொன்னாள். அதுவரை பயிற்சியைப் பற்றி ஒரு குழு மற்றக் குழுவிடம் மூச்சு விடக் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

நான் இரண்டாவது குழு. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் பாண்டி முதல் குழுவில் விழுந்ததுதான் தாங்கவில்லை. வாழ்நாள் முழுக்க விசில் ஊதியவருக்குச் சிகிச்சை. பாடம் நடத்தியவனுக்குப் பச்சைத் தண்ணீர்.

குழு பிரித்த கூட்டம் முடிந்து திரும்பி வரும் பஸ்ஸில் அவரிடம் நைசாக விசாரித்தேன். "வாத்தியாரே, கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரில் மாஸ்டருக்கு இருந்த நேர்மை எனக்குள் ஒரு நெருப்பை மூட்டியது. நல்ல நெருப்பு அல்ல.

மறுநாள் விடிந்ததும், அவருடைய திராட்சைப் பந்தலுக்குப் பின்னால் குனிந்து நின்றேன். (குனிவது எளிது. நிமிர அரை மணி ஆயிற்று.) பாண்டி ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி, அதில் ஸ்ட்ராவை விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா! கம்பத்தில் இளநீர்க் கடைக்காரரிடம் ஒரு கட்டு ஸ்ட்ரா கேட்டு வாங்கினேன். பத்து நாளில் குரலில் இருந்த கரகரப்பு குறையத் தொடங்கியது.

திருடியதைத் தனியாகத் தின்றிருந்தால், கெட்டது என் ஒருவன் கணக்கோடு போயிருக்கும். வாத்தியார் புத்தி விடவில்லை. என் குழுவில் இருந்த மற்ற ஒன்பது பேரையும் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டு மொட்டை மாடிக்கு வரவழைத்து வகுப்பு நடத்தினேன். கட்டு ஸ்ட்ரா இருந்ததே! பத்துச் சொம்பு, பத்து ஸ்ட்ரா, பத்து ஓய்வு பெற்ற தொண்டைகள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உங்கள் மோட்டார் காற்றை இழுக்கிறது, நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாவது வாரம். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று, குச்சியால் தாளம் காட்டிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் எஸ்தர் நின்றாள். ஒரு படிவத்தில் என் கையெழுத்து விட்டுப்போயிற்றாம். 'மாடியில கிளாஸ் எடுக்குறாக, போம்மா' என்று என் மனைவி சரோஜா அனுப்பி வைத்திருக்கிறாள்.

எஸ்தர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "சார், இது எல்லாமே என்னோட ரெண்டாவது குரூப்பு" என்றாள்.

ஒவ்வொருவராக ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தார்கள். ஒரு சொம்பு மட்டும் கடைசியாக ஒரு குமிழி விட்டது.

நான் பேசினேன். பேசாமல் இருந்திருக்கலாம். "எல்லாருக்கும் நல்லாக் குரல் தெளிஞ்சிருக்கும்மா" என்றேன், பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி.

"தெளிஞ்சிருக்கும் சார். ரெண்டு குரூப்புக்கும் ஒரே மாதிரி தெளிஞ்சிருக்கும். அது பயிற்சியாலதான்னு இனி நான் எதை வச்சுக் காட்டுவேன்?"

அவள் அழவில்லை. படியில் உட்கார்ந்து, கையிலிருந்த தாள்களை வரிசைப்படி அடுக்கினாள். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

காப்பியோடு ஏறி வந்த சரோஜா விவரம் கேட்டாள். எஸ்தர் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். சரோஜா என் பக்கம் திரும்பினாள். ஒளிச்சேர்க்கைப் பாடம் வரும் மாதமெல்லாம், வெயில் படாத இலையில் மாவுச்சத்து இராது என்று வகுப்பில் காட்ட, எங்கள் வீட்டுச் செம்பருத்தி இலையில் கறுப்புத் தாளைச் சுற்றி வைப்பவன் நான். தாளைத் தொட்டால் சோதனை கெட்டுப்போகும் என்று சொல்லி, அந்தச் செடியில் அவளைப் பூக்கூடப் பறிக்க விட்டதில்லை.

"ஏங்க, அந்தச் செம்பருத்தி இலைக்கு இருந்த அடக்கம் உங்களுக்கு இல்லாமப் போச்சே" என்றாள்.

எஸ்தர் புதிதாகப் பத்துப் பேரைத் தேட வேண்டியதாயிற்று. குச்சனூர், சின்னமனூர் என்று மறுபடியும் பஸ். நானும் ஆள் பிடித்துத் தருகிறேன் என்றேன். "நீங்க வராம இருந்தாலே போதும் சார்" என்று மரியாதையாகச் சொன்னாள். பட்டம் வாங்க ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. மதுரை வேலை வேறு யாருக்கோ போயிற்று. இப்போது தேனியில் சிறிய இடமொன்றில் இருக்கிறாள், சம்பளம் குறைவு. அவளைப் பார்க்க இரண்டு முறை கிளம்பினேன். இரண்டு முறையும் பஸ் நிறுத்தம் வரைதான் போக முடிந்தது.

போன வாரம் சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் திராட்சைச் சாறு கொடுத்தார்கள், ஸ்ட்ரா போட்டு. நான் கை நீட்டுவதற்குள் சரோஜா என் டம்ளரிலிருந்த ஸ்ட்ராவை மட்டும் உருவினாள்.

"அவுகளுக்கு வேண்டாம். அவுக ரெண்டாவது குரூப்பு."

பேரப்பிள்ளைகள் வரை சிரித்தார்கள். மறுத்துப் பேச எனக்கு இப்போது குரல் நன்றாகவே இருக்கிறது. டம்ளரைத் தூக்கிக் குடித்தேன்.